ஒரு கவுண்டிக்கு எவ்வளவு? அமெரிக்க மத்திய அரசின் பணம் ஊர் ஊராகப் போய்ச் சேரும் விதம்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் ஒரு வரைபடம் சுற்றத் தொடங்கும். மாநிலத்தின் கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் மாதிரியான உட்பிரிவுகள்) வெளிர் நிறம், அடர் நிறம் என்று வண்ணம் பூசியிருப்பார்கள். "வாஷிங்டன் இந்தக் கவுண்டிக்கு இவ்வளவு கொடுத்தது, பக்கத்துக் கவுண்டிக்கு ஒன்றுமில்லை" என்று கீழே எழுதியிருக்கும். பார்ப்பவர் மனத்தில் யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து பங்கு பிரித்துக் கொடுத்தது போன்ற எண்ணம் உண்டாகும்.

நம் வாசகர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் இயல்பாக வரும். "நாம் கட்டும் ஒரு ரூபாய் வரியில் எவ்வளவு திரும்பி வருகிறது?" என்ற சண்டையைப் பல வருடமாகக் கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே நிதிக் குழு இருக்கிறது, வரிப் பகிர்வு விகிதம் இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டும் கிடையாது. கவுண்டிவாரியான அந்த எண் யாரும் ஒதுக்கிய எண் அல்ல. வெவ்வேறு வழிகளில் போன பணத்தை, போன பிறகு, முகவரி பார்த்துக் கூட்டியது. அந்த முகவரியும் பல சமயம் தவறான ஊரைக் காட்டும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் நியூ மெக்ஸிகோ மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். 33 கவுண்டிகள், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 21 லட்சம் பேர். அணு ஆய்வகம், விமானப்படைத் தளம், பழங்குடி நிலம், எண்ணெய் வயல், முதியோர் நிறைந்த சிற்றூர் என்று மத்திய அரசின் பணம் போகக்கூடிய வழிகள் எல்லாம் அங்கே உண்டு.

கவுண்டி என்பது எது?

மாநிலத்தின் உட்பிரிவுதான் கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி என்று சொல்லலாம், ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த ஆணையர்கள் நடத்தும் உள்ளாட்சி அது. அளவிலும் சீர் இல்லை. அல்புகர்கி நகரம் இருக்கும் பெர்னலீயோ கவுண்டியில் 6,76,000 பேர். அதே மாநிலத்தின் ஹார்டிங் கவுண்டியில் 657 பேர். இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் "தலைக்கு இவ்வளவு" என்று ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பங்கு பிரிப்பவர் இல்லை

ஒரு காலத்தில் இருந்தார் என்று சொல்லலாம். நிக்ஸன் அதிபராக இருந்தபோது, 1972-ல், பொது வருவாய்ப் பகிர்வு என்ற திட்டம் வந்தது. மத்திய அரசு தன் வருவாயில் ஒரு பகுதியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கொடுத்துவிடும். அதை எதற்குச் செலவிடுவது என்பது பெரும்பாலும் அவர்கள் விருப்பம். ரீகன் காலத்தில், 1986-ல், அது முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நிரந்தரமான பொதுப் பகிர்வு எதுவும் இல்லை.

2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசு செலவிட்டது சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். இதில் ஒரு கவுண்டியின் பெயரை எழுதி "இதற்கு இவ்வளவு" என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நேரடியாக ஒதுக்கியது மிகச் சிறிய துளி. உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் ஒரு பாலத்துக்கோ கழிவுநீர் நிலையத்துக்கோ கேட்டு வாங்கும் தனி ஒதுக்கீடுகள்தான் அவை. செய்தித்தாளில் படம் வருவது அந்தத் துளிக்குத்தான். கடல் வேறு எங்கோ ஓடுகிறது.

ஒரு தெருவின் வரவு

ஒரு தெருவைக் கற்பனை செய்வோம். முதல் வீட்டில் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மாதாமாதம் பென்ஷன் வருகிறது. இரண்டாவது வீட்டுப் பெண் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர் கான்ட்ராக்டர். தேசிய நெடுஞ்சாலையில் டெண்டர் எடுத்திருக்கிறார், ஆனால் ரோடு போடுவது இரண்டு மாவட்டம் தள்ளி. தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு மத்திய அரசின் திட்டத்தில் பணம் வருகிறது, ஆனால் மாநிலத் தலைநகர் வழியாக.

"மத்திய அரசு இந்தத் தெருவுக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? பென்ஷன் தெருவுக்குக் கொடுத்ததா, அந்த மனிதருக்குக் கொடுத்ததா? கான்ட்ராக்டரின் பில் தொகை இந்தத் தெருவின் கணக்கா, ரோடு போடும் ஊரின் கணக்கா? பள்ளிக்கூடத்துப் பணத்தைத் தலைநகரின் வரவில் எழுதுவதா? எப்படிக் கூட்டினாலும் ஓர் எண் கிடைக்கும். வேறு மாதிரி கூட்டினால் வேறு எண் கிடைக்கும்.

கவுண்டிக் கணக்கிலும் சிக்கல் இதுவே. இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

ஆளைத் தேடி வரும் பணம்

மிகப் பெரிய வழி இதுதான். சட்டத்தில் சொன்ன தகுதி ஒருவருக்கு இருந்தால் அரசு கொடுத்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் காங்கிரஸ் புதிதாக ஒதுக்க வேண்டியதில்லை. இதை உரிமைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். முதியோருக்கான சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இரண்டும் இதில் முக்கியம். சோஷியல் செக்யூரிட்டி மட்டுமே 2024-ல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டாலர்.

நியூ மெக்ஸிகோவின் தெற்கே சியெரா கவுண்டி. 2020-ல் 11,576 பேர். வெந்நீர் ஊற்றுகளும் மிதமான குளிரும் இருப்பதால் ஓய்வு பெற்றவர்கள் அங்கே குடியேறுகிறார்கள். (கவுண்டியின் தலைமையூர் 1950-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியின் பெயரையே தன் பெயராக மாற்றிக்கொண்டது: ட்ரூத் ஆர் கான்சிக்வன்சஸ்.) அங்கே மத்திய அரசின் பணம் அதிகம் பாய்கிறது என்றால் காரணம் வாஷிங்டனின் கருணை அல்ல. வேறு எங்கோ நாற்பது வருடம் வேலை பார்த்து, அங்கே வரி கட்டியவர்கள், இங்கே வந்து காசோலை வாங்குகிறார்கள். நாளைக்கே அவர்கள் பேரப்பிள்ளைகளோடு வாழ அரிசோனாவுக்குப் போனால் பணமும் அவர்களோடு போகும். கவுண்டி நிர்வாகத்தின் கஜானாவுக்கு இதில் ஒரு டாலர்கூட நேரடியாக வருவதில்லை.

ஒப்பந்தமும் சம்பளமும்

தெருவின் தபால் ஊழியரும் கான்ட்ராக்டரும் இந்த வகை. மத்திய அரசு தனக்கு வேண்டிய வேலையைச் செய்யச் சம்பளம் கொடுக்கிறது, அல்லது நிறுவனங்களிடம் பொருளும் சேவையும் வாங்குகிறது. ஊருக்கு உதவுவது இதன் நோக்கமே இல்லை. ஆனாலும் ஒரு ஊரையே தூக்கி நிறுத்திவிடும்.

அதற்கு லாஸ் அலமோஸை விட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 1943-ல் அணுகுண்டு செய்வதற்காக மேசை போன்ற மலையின் மேல் ரகசியமாக எழுப்பிய ஊர். 1949-ல் தனிக் கவுண்டி ஆனது. மாநிலத்திலேயே பரப்பில் சிறியது. 2020-ல் 19,419 பேர். அங்கே இருக்கும் தேசிய ஆய்வகத்தின் ஆண்டு பட்ஜெட் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 500 கோடி டாலர். ஆய்வகத்தை நடத்துவது அரசு நேரடியாக அல்ல. 2018 முதல் ட்ரையட் என்ற ஒப்பந்த நிறுவனம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், பட்டெல் என்ற ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 500 கோடியை 19,419-ஆல் வகுத்தால் தலைக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல். வரைபடத்தில் லாஸ் அலமோஸ் கறுத்துப்போய் நிற்கும். ஆனால் ஆய்வகத்தில் வேலை செய்யும் 15,000-க்கும் மேற்பட்டோரில் பெரும் பகுதியினர் அந்தக் கவுண்டியில் குடியிருக்கவில்லை. மேலே வீட்டு வாடகை கட்டுப்படியாகாது. காலையில் சாண்டா ஃபே, எஸ்பன்யோலா பக்கமிருந்து மலையேறி வந்து மாலையில் இறங்கிப் போகிறார்கள். சம்பளம் செலவாவது கீழே. ஆய்வகம் வாங்கும் கருவிகள் வேறு மாநிலத்திலிருந்து வருகின்றன. வரைபடம் காட்டும் எண் பொய் அல்ல. "லாஸ் அலமோஸ்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டரை லட்சம்" என்று அதைப் படிப்பதுதான் பொய்.

அதற்காக உள்ளூர் கவுண்டி அலுவலகத்துக்கு இதில் ஒன்றும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நியூ மெக்ஸிகோவில் விற்பனை வரி போன்ற மொத்த வரவு வரி ஒன்று உண்டு. ஆய்வகத்தை நடத்தும் நிறுவனம் கட்டும் அந்த வரிதான் லாஸ் அலமோஸ் கவுண்டியின் முதுகெலும்பு. 2018-ல் ஒப்பந்தம் கைமாறும்போது, லாப நோக்கமற்ற அமைப்பு வந்துவிட்டால் வரிவிலக்கு கேட்குமே என்று உள்ளூரில் பெரிய கவலை. வாஷிங்டன் அனுப்பும் தொகை ஒரு டாலர்கூடக் குறையாமலே கவுண்டியின் வருமானம் விழுந்துவிடக்கூடிய நிலை அது.

இதுவரை: ஓய்வூதியம் ஆள் இருக்கும் இடத்துக்கும், ஒப்பந்தப் பணம் வேலை இருக்கும் இடத்துக்கும் போகின்றன. இரண்டிலும் "இந்தக் கவுண்டிக்குக் கொடுப்போம்" என்று யாரும் முடிவு செய்யவில்லை.

சூத்திரப்படி வரும் பணம்

உண்மையில் "பகிர்வு" என்று சொல்லக்கூடியது மானியங்களில்தான் இருக்கிறது. மானியம் இரண்டு வகை. சட்டத்தில் எழுதிய கணக்குப்படி தானாகக் கிடைப்பது சூத்திர மானியம். விண்ணப்பம் போட்டு மற்றவர்களை முந்தி வாங்குவது போட்டி மானியம். பின்னதில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊர் ஜெயிக்கும். ஹார்டிங் மாதிரி 657 பேர் இருக்கும் கவுண்டியில் அதற்கென்று ஓர் ஊழியரை வைத்துக்கொள்ளவே வசதி இருக்காது.

சூத்திர மானியத்தில் மலை போல நிற்பது மெடிகெய்ட், அதாவது ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு. (மெடிகேர் முதியோருக்கு, மெடிகெய்ட் ஏழைகளுக்கு. பெயர் ஒத்திருப்பதால் அமெரிக்கர்களே குழம்புவார்கள்.) மருத்துவச் செலவை மத்திய அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. மாநிலத்தின் தனிநபர் வருமானம் குறையக் குறைய மத்திய அரசின் பங்கு கூடும். தேசிய சராசரி வருமானம் உள்ள மாநிலத்துக்கு 55 சதவீதம். எவ்வளவு பணக்கார மாநிலமாக இருந்தாலும் 50-க்குக் கீழே போகாது. நியூ மெக்ஸிகோ ஏழை மாநிலம் என்பதால் 70 சதவீதத்துக்குச் சற்று மேல். 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செய்த விரிவாக்கத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு 90. பழங்குடியினருக்கு, அவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவத் துறையான இந்தியன் ஹெல்த் சர்வீஸின் மருத்துவமனைகளில் நடக்கும் சிகிச்சைக்கு முழு 100. மாநிலத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தக் காப்பீட்டில் இருக்கிறார்கள். இந்தச் சூத்திரத்தில் கவுண்டி என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கவுண்டியின் பெயர் நேராக வரும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், கொரோனா காலத்து 2021 மீட்புச் சட்டம். கவுண்டிகளுக்கென்றே 6,510 கோடி டாலர், மக்கள்தொகைப்படி. தலைக்குச் சுமார் 200 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்டிங்குக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர், பெர்னலீயோவுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல். சுத்தமான பங்கு பிரிப்பு. ஆனால் அது ஒருமுறை நடந்த விதிவிலக்கு.

சூத்திரம் என்றாலே நியாயம் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் போடும் எண்ணைப் பொறுத்தது அது. தலைகளை எண்ணுவது பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு. 2020-ல் பழங்குடிக் காப்பு நிலங்களில் வாழும் அமெரிக்கப் பழங்குடியினரில் 5.6 சதவீதத்தினர் விடுபட்டுப் போனதாகக் கணக்கெடுப்புத் துறையே பின்னர் மதிப்பிட்டது. தெருப் பெயரும் கதவிலக்கமும் இல்லாத வீடுகள், தொலைவு, தொற்றுக் காலம் எல்லாம் காரணம். மெக்கின்லி போலப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கவுண்டிக்கு, எண்ணாமல் விட்ட ஒவ்வொரு தலையும் அடுத்த பத்தாண்டுக்குச் சூத்திரங்களில் கணக்கில் வராத தலை.

நிலத்துக்கு ஈடு

இது சிறிய தொகை, ஆனால் கவுண்டி அலுவலகத்தில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நியூ மெக்ஸிகோவின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்குச் சொந்தம். மத்திய அரசின் நிலத்துக்குச் சொத்து வரி போட முடியாது. அந்த இழப்புக்கு ஈடாக 1976 சட்டப்படி ஆண்டுதோறும் ஒரு தொகை நேராகக் கவுண்டிகளுக்கு வருகிறது. நாடு முழுவதற்கும் சேர்த்தே 2024-ல் 60 கோடி டாலர் சொச்சம்தான். ஆனாலும் சின்னக் கவுண்டியில் ரோடு செப்பனிடுவதும் ஷெரீஃப் ஆபீஸ் நடப்பதும் இதை நம்பித்தான்.

எண்ணெய் ராயல்டி வேறு கதை. லீ, எடி என்ற இரண்டு கவுண்டிகளில் மத்திய அரசின் நிலத்திலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ராயல்டியில் ஏறக்குறைய பாதி மாநிலத்துக்குத் திரும்புகிறது. போய்ச் சேருவது சாண்டா ஃபேயிலுள்ள மாநிலக் கருவூலத்துக்கு.

கணக்கேடு காட்டும் ஊர்

சாண்டா ஃபே மாநிலத் தலைநகர். மெடிகெய்ட் பணத்தை மத்திய அரசு அனுப்புவது அங்கே உள்ள மாநிலத் துறைக்கு. நெடுஞ்சாலைப் பணமும் பள்ளிப் பணமும் முதலில் அங்கேதான் இறங்கும். பெறுபவரின் முகவரியைப் பார்த்துக் கணக்கு எழுதினால் 1,55,000 பேர் வாழும் சாண்டா ஃபே கவுண்டி கோடி கோடியாக விழுங்குவது போலத் தெரியும். மெக்கின்லி கவுண்டியின் கேலப் ஊரில் ஒரு குழந்தைக்கு நடந்த சிகிச்சையின் செலவும் சாண்டா ஃபே பெயரில் இருக்கும்.

கலிஃபோர்னியாவில் சேக்ரமெண்டோ, ஃபுளோரிடாவில் டல்லஹாசி இருக்கும் லியோன் கவுண்டி, கெண்டக்கியில் ஃபிராங்ஃபர்ட் இருக்கும் ஃபிராங்க்ளின் கவுண்டி என்று தலைநகர் உள்ள கவுண்டிகளுக்கெல்லாம் இந்த வீக்கம் உண்டு. ஒரு மாநிலத்தின் வரைபடம் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது தலைநகரைத்தான். அது தன்னந்தனியாகக் கறுத்து நின்றால் மீதி வரைபடத்தை நம்புவதில்லை.

முகவரி மாநில எல்லையையே தாண்டிப் போவதும் உண்டு. நவஹோ பழங்குடி தேசத்தின் தலைநகர் விண்டோ ராக், அரிசோனாவின் அபாச்சே கவுண்டியில், நியூ மெக்ஸிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது. நவஹோ மக்களில் பெரும் கூட்டம் நியூ மெக்ஸிகோவின் மெக்கின்லி, சான் வான் கவுண்டிகளில் வாழ்கிறது. 2021 மீட்புச் சட்டத்தில் நவஹோ தேசத்துக்குக் கிடைத்த 200 கோடி டாலருக்கும் மேலான தொகை விண்டோ ராக் முகவரிக்குப் போனது. அதில் நியூ மெக்ஸிகோ பக்கத்து வீடு ஒன்றுக்குக் குடிநீர்க் குழாய் வந்தால், முகவரிக் கணக்கில் அது அரிசோனாவின் வரவு.

இதைச் சரிசெய்யத்தான் மத்திய அரசின் செலவுத் தரவுத்தளமான யுஎஸ்ஏஸ்பெண்டிங்கில் இரண்டு இடங்களைப் பதிவு செய்கிறார்கள். ஒன்று, பெறுபவரின் முகவரி. இன்னொன்று, வேலை நடக்கும் இடம். நம் தெருவின் கான்ட்ராக்டர் வீடும் அவர் போடும் ரோடும் மாதிரி. இரண்டாவது நல்ல அளவுகோல்தான். ஆனால் மாநிலம் முழுக்கப் பரவும் மானியத்துக்கு "வேலை நடக்கும் இடம்: நியூ மெக்ஸிகோ" என்று மட்டும் எழுதிவிட்டால் அது எந்தக் கவுண்டியிலும் ஏறாது.

இன்னொரு குழி ஆண்டு. "தருகிறேன்" என்று அரசு சட்டப்படி ஒப்புக்கொண்ட தொகை வேறு, உண்மையில் கையைவிட்டுப் போன தொகை வேறு. முன்னதை ஒப்புக்கொண்ட தொகை என்றும் பின்னதைச் செலுத்திய தொகை என்றும் பிரித்துச் சொல்வார்கள். பல வருடம் நடக்கப்போகும் வேலைக்குக் கையெழுத்தான அன்றே பெருந்தொகை ஏறிவிடும். அந்த ஆண்டு கவுண்டி திடீரென்று பணக்காரக் கவுண்டியாகத் தெரியும். அடுத்த ஆண்டு "வாஷிங்டன் கைவிட்டுவிட்டது" என்று யாராவது எழுதுவார்கள். 657 பேர் உள்ள இடத்தில் ஒரே ஒரு பாலத்துக்கான கையெழுத்து போதும், தலைக்கணக்கு எகிறிவிடும்.

எந்தக் கவுண்டியிலும் சேர்க்கவே முடியாத பணமும் இருக்கிறது. 2024-ல் கடன் வட்டிக்கு மட்டும் சுமார் 88,000 கோடி டாலர் போனது. அது கடன்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு. அவர்கள் டோக்கியோவிலும் இருக்கலாம். அதனால் நாட்டின் எல்லாக் கவுண்டிகளையும் கூட்டினாலும் மொத்தச் செலவு வராது.

சுருக்கமாக: ஒரே டாலரைப் பெறுபவர் ஊரில், வேலை நடக்கும் ஊரில், கடைசியாகச் செலவாகும் ஊரில் என்று மூன்று இடத்தில் எழுதலாம். எந்த இடத்தில், எந்த ஆண்டில் எழுதியது என்று சொல்லாத கவுண்டி எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அப்படியானால் எந்தக் கணக்கை எடுப்பது?

முன்பு கணக்கெடுப்புத் துறையே ஆண்டுதோறும் கவுண்டிவாரியாக ஒரே தொகுப்பு வெளியிட்டது. 2010 நிதியாண்டோடு அதை நிறுத்திவிட்டார்கள். என் கருத்தில் இது பெரிய இழப்பு. தலைநகர் வீக்கம் அதிலும் இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே முறையில் இருந்தன.

இப்போது கேள்விக்குத் தக்கபடி பார்க்க வேண்டும். ஒப்பந்தங்களையும் மானியங்களையும் அறிய யுஎஸ்ஏஸ்பெண்டிங், அதுவும் வேலை நடக்கும் இடத்தை வைத்து. ராணுவத் துறையின் பதிவுகள் அதில் 90 நாள் தாமதமாக ஏறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் கையில் எவ்வளவு சேருகிறது என்று அறியப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகத்தின் கவுண்டிவாரி வருமானக் கணக்கு. அது சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மெடிகெய்ட், உணவு உதவி போன்றவற்றை அந்தந்த மக்கள் குடியிருக்கும் கவுண்டியில் எழுதுகிறது. சாண்டா ஃபேயில் குவிந்திருந்த மெடிகெய்ட் பணம் அதில் மெக்கின்லிக்கும் சியெராவுக்கும் பிரிந்து போயிருக்கும்.

எந்தக் கணக்கு என்பது வெறும் புள்ளிவிவரச் சண்டை அல்ல. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் மெடிகெய்ட் செலவைக் குறைக்கிறது. விரிவாக்கத்தில் சேர்ந்த, உடல்வலுவுள்ள பெரியவர்கள் வேலையிலோ படிப்பிலோ சமூகப் பணியிலோ இருப்பதைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2027 தொடக்கத்துக்குள் நடைமுறைக்கு வர வேண்டும். பழங்குடியினருக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஒரே மாநிலத்துக்குள் மெக்கின்லியில் ஒரு விதமாகவும், பழங்குடியினர் குறைவாக உள்ள கிராமப்புறக் கவுண்டிகளில் வேறு விதமாகவும் அது விழும். பெறுபவர் முகவரிக் கணக்கை வைத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. சாண்டா ஃபே என்ற ஒரே வரியில் ஓர் எண் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.